எதிரி நாட்டுக் கோல்கீப்பர்

படிக்கும் முன்

உங்க வகுப்புக்கு ஒரு புது மாணவர் வருகிறார். அவரைப் பற்றி மற்றவர்கள் ஏற்கெனவே தப்பாகப் பேசியிருக்கிறார்கள். நீங்க அவர் பக்கத்தில் போய் உட்காருவீங்களா? பக்கத்தில் இருக்கும் நண்பரோடு இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்க. பிறகு இந்தப் பாடத்தைப் படிங்க.

1. கடைசி 17 நிமிடம்

1956ஆம் ஆண்டு, மே 5ஆம் தேதி. லண்டனில் வெம்ப்ளி மைதானம். 1,00,000 பேர் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டி அணியும் பர்மிங்காம் சிட்டி அணியும் மோதின.

ஆட்டம் முடிய இன்னும் 17 நிமிடம் இருந்தது. மான்செஸ்டர் சிட்டி 3 கோல், பர்மிங்காம் 1 கோல். பர்மிங்காம் வீரர் பீட்டர் மர்ஃபி பந்தை நோக்கி வேகமாக ஓடி வந்தார். மான்செஸ்டர் கோல்கீப்பர் அவருடைய காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் பலமாக இடித்தது. கோல்கீப்பர் மயங்கி விழுந்தார்.

இன்றைக்கு என்றால் உடனே வேறு கோல்கீப்பரை இறக்கிவிடுவாங்க. அந்தக் காலத்தில் அப்படி ஆள் மாற்றுவதற்கு விதியே இல்லை. அடிபட்டவர் வெளியே போனால் 10 பேரோடுதான் ஆட வேண்டும். அதனால அவர் எழுந்து நின்றார். கண் சரியாகத் தெரியவில்லை. கழுத்தை நேராகப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் மறுபடியும் மறுபடியும் பாய்ந்து பந்தைத் தடுத்தார். ஒரு கோல்கூட விடவில்லை.

மைதானத்தில் இருந்தவர்கள் அவரைப் பாராட்டிப் பாட்டுப் பாடினார்கள்.

அவர் பெயர் பெர்ட் டிராட்மன். அவர் இங்கிலாந்துக்காரர் இல்லை. ஜெர்மன்காரர். 11 ஆண்டுகளுக்கு முன்பு அவர் இங்கிலாந்தை எதிர்த்துச் சண்டை போட்ட படைவீரர்! எதிரியாக வந்த ஒருவரை லண்டன் மக்கள் எப்படிப் பாட்டுப் பாடிப் பாராட்டினாங்க? அதைத் தெரிந்துகொள்ள நாம் அவருடைய சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

2. துறைமுக நகரத்துப் பையன்

ஜெர்மனியின் வடக்கே ப்ரெமன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1923ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று பெர்ன்ஹார்ட் டிராட்மன் பிறந்தான். எல்லாரும் அவனைச் சுருக்கமாக பெர்ன்ட் என்று கூப்பிட்டார்கள். அப்பா துறைமுகப் பகுதியில் வேலை செய்தார். வீட்டில் பெரிய வசதி இல்லை.

பெர்ன்டுக்கு விளையாட்டு என்றால் உயிர். கால்பந்து ஆடுவான். கையால் எறிந்து ஆடும் ஹேண்ட்பால் ஆட்டமும் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு தேவைப்படும்!

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தார். அவருடைய கட்சிக்கு நாஜிக் கட்சி என்று பெயர். அந்தக் கட்சி சிறுவர்களுக்காக ஒரு இயக்கம் நடத்தியது. அதில் ஓட்டப் பந்தயம் உண்டு, பந்து விளையாட்டு உண்டு, காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது உண்டு. பெர்ன்ட் ஆசையோடு அதில் சேர்ந்தான். அப்போ அவனுக்குச் சுமார் 10 வயது.

ஆனா அங்கே விளையாட்டோடு சேர்த்துப் பொய்யையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெர்மானியர்தான் உலகத்திலேயே உயர்ந்தவர்கள், யூதர்கள் நாட்டின் எதிரிகள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே பேச்சு. வானொலியிலும் அதே பேச்சு. பெர்ன்ட் அதை நம்பினான். கேள்வி கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

3. போர்

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. பெர்ன்ட் அப்போ மோட்டார் மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்தார். 1941இல், 17 வயதில், ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு பாராசூட் படையில் வீரர் ஆனார். கிழக்கே, சோவியத் ஒன்றியத்தோடு நடந்த சண்டைக்கு அவரை அனுப்பினார்கள்.

போர் ஒரு சாகச விளையாட்டு போல இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கொடுமையானது என்று தெரிந்தது. கடுங்குளிரிலும் பசியிலும் கூட இருந்த நண்பர்கள் இறந்துபோனார்கள். ஒரு நாள் காட்டுக்குள் அவர் ஒரு பயங்கரமான காட்சியைப் பார்த்தார். நாஜிப் படையினர் ஒன்றும் செய்யாத யூத மக்களை நிறுத்தி வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பயந்துபோய் அங்கிருந்து சத்தமில்லாமல் ஊர்ந்து வந்துவிட்டார். அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

டிராட்மனுக்கு வீரப் பதக்கங்கள் கிடைத்தன. ரஷ்யர்கள் ஒரு முறை அவரைப் பிடித்தார்கள், தப்பித்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், மறுபடியும் தப்பித்தார். க்ளேவ என்ற ஜெர்மன் நகரத்தின் மேல் குண்டு விழுந்தபோது இடிபாடுகளுக்குள் மாட்டிக்கொண்டார்; பிழைத்து வந்தார். அவருடைய படைப்பிரிவில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வீடு திரும்பவே இல்லை.

1945ஆம் ஆண்டு, போர் முடியும் நேரம். இனிமேல் சண்டை வேண்டாம், ப்ரெமனுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்து நடக்க ஆரம்பித்தார். வழியில் இரண்டு எதிரி வீரர்களிடம் மாட்டினார். தன்னைச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து ஓடினார். ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தார். குதித்த இடத்தில் ஒரு பிரிட்டிஷ் வீரர் நின்றுகொண்டிருந்தார்! அந்த வீரர் சுடவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டாராம்.

4. கைதி கற்ற பாடம்

டிராட்மனைக் கைது செய்து கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கைதிகளை விசாரித்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஹிட்லரின் கொள்கையைத் தீவிரமாக நம்புகிறவர்கள் ஒரு வகை. டிராட்மனை முதலில் அந்த வகையில்தான் வைத்தார்கள்.

முகாமில் கைதிகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அது கதைப் படம் இல்லை. நாஜிகள் யூதர்களையும் மற்றவர்களையும் அடைத்து வைத்துக் கொன்ற முகாம்களில் எடுத்த உண்மையான காட்சிகள். படம் முடிந்ததும் கைதிகள் அமைதியாக வெளியே வந்தார்கள். தான் யாருக்காகச் சண்டை போட்டோம் என்று டிராட்மன் யோசிக்கத் தொடங்கினார்.

பிறகு அவருக்கு வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. அவர் ஓட்டிய வண்டியில் போன ராணுவ சார்ஜென்ட் ஒரு யூதர். டிராட்மன் முதலில் அவரோடு சண்டை போட்டார். பழைய பொய்கள் மனதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ஆனா தினமும் ஒரே வண்டியில் போனால் என்ன ஆகும்? பேசித்தானே ஆக வேண்டும்! பேசப் பேச, அவரும் தன்னைப் போல ஒரு மனிதர்தான் என்று டிராட்மனுக்குப் புரிந்தது.

முகாமைச் சுற்றி இருந்த இங்கிலாந்து மக்களும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். தன்னுடைய உண்மையான படிப்பு இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோதுதான் தொடங்கியது என்று அவர் வயதான பிறகு சொல்வார்.

5. கோல் கம்பத்துக்கு நடுவில்

டிராட்மன் இருந்த முகாம் லங்காஷயர் பகுதியில், ஆஷ்டன் இன் மேக்கர்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்தது. கைதிகள் அங்கே கால்பந்து ஆடினார்கள். பக்கத்து ஊர் அணிகளோடும் போட்டி நடக்கும். டிராட்மன் அப்போ கோல்கீப்பர் இல்லை. களத்தில் ஓடி ஆடுகிற வீரர்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் அவருக்கு அடிபட்டது. ஓட முடியவில்லை. அதனால தன் அணியின் கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். அப்போதுதான் எல்லாருக்கும் ஒன்று தெரிந்தது: இந்த உயரமான ஆள் பந்தைப் பார்த்துப் பயப்படுவதே இல்லை! பாராசூட் படையில் விழுந்து எழப் பழகியவர் இல்லையா? அன்றிலிருந்து அவர் கோல்கீப்பர்தான்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு பெர்ன்ட் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. பெர்ட், பெர்ட் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உங்க பெயரையும் யாராவது இப்படி மாற்றிக் கூப்பிட்டிருக்காங்களா?

1948இல் கைதிகளை ஊருக்கு அனுப்பினார்கள். டிராட்மன் போகவில்லை. இங்கிலாந்திலேயே தங்கினார். பண்ணையில் வேலை செய்தார். போரில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றும் வேலையும் செய்தார். சனிக்கிழமைகளில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சின்ன அணிக்கு ஆடினார். இந்த ஜெர்மன் கோல்கீப்பரைப் பார்க்கவே கூட்டம் வர ஆரம்பித்தது. அந்த அணியின் செயலாளருடைய மகள் மார்கரெட்டை அவர் 1950இல் கல்யாணம் செய்துகொண்டார்.

6. 20,000 பேர் வேண்டாம் என்றார்கள்

1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். மான்செஸ்டர் சிட்டி என்ற பெரிய அணி டிராட்மனைச் சேர்த்துக்கொண்டது. அந்த அணியின் புகழ்பெற்ற கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்ட் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்துக்கு ஒரு ஜெர்மன்காரரா? அதுவும் பாராசூட் படையில் இருந்தவரா? மக்களுக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜெர்மன் விமானங்கள் மான்செஸ்டர் நகரத்தின் மேலும் குண்டு போட்டிருந்தன. பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ போரிலிருந்து திரும்பவில்லை. மான்செஸ்டரில் யூதர்களும் நிறையப் பேர் வாழ்ந்தார்கள். அவர்களுடைய உறவினர்கள் பலரை நாஜிகள் கொன்றிருந்தார்கள்.

20,000 பேர் தெருவில் ஊர்வலம் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இனிமேல் ஆட்டம் பார்க்கவே வரமாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். டிராட்மன் என்ன செய்வார்? அவர்களோடு சண்டை போட முடியுமா? அவர்களுடைய வலி உண்மையானது என்று அவருக்கே தெரியும்.

அந்த நேரத்தில் இரண்டு பேர் அவருக்குத் துணையாக வந்தார்கள்.

முதலாமவர் அணியின் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். அவர் பிரான்ஸின் நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டை போட்டவர். டிராட்மன் மேல் கோபப்பட அவருக்குத்தான் முதல் உரிமை. ஆனா அவர் டிராட்மனை அன்பாக வரவேற்றார். வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் போரைக் கொண்டு வரக் கூடாது என்று எல்லாருக்கும் புரிய வைத்தார்.

இரண்டாமவர் அலெக்சாண்டர் ஆல்ட்மன். அவர் மான்செஸ்டர் யூதர்களின் மதகுரு. முன்பு ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் வாழ்ந்தவர். நாஜிகளின் கொடுமையால் 1938இல் அங்கிருந்து வெளியேறி இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய அப்பா அம்மாவை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். கொஞ்சம் நிறுத்தி இதை யோசிச்சுப் பாருங்க. அவர் டிராட்மனை வெறுத்திருந்தால் யாராவது தப்பு சொல்வாங்களா?

ஆனா அவர் மான்செஸ்டரின் ஒரு மாலை நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாடு செய்த குற்றத்துக்கு ஒரு தனி மனிதரைத் தண்டிப்பது நியாயம் இல்லை என்பதுதான் அந்தக் கடிதத்தின் கருத்து. நடந்ததை மறந்துவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்த ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்டார்.

கடிதத்தைப் படித்த மக்கள் யோசித்தார்கள். எதிர்ப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

7. லண்டனில் இரண்டு வரிசை

டிராட்மனின் முதல் ஆட்டம் 1949 நவம்பர் 19 அன்று போல்ட்டன் அணியோடு நடந்தது. மான்செஸ்டர் மக்கள் சீக்கிரமே அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனா வெளியூர் ஆட்டங்களில் பார்வையாளர்கள் அவரைத் திட்டிக் கத்தினார்கள். அதனால அவருடைய கவனம் சிதறியது. டெர்பி அணியோடு நடந்த ஆட்டத்தில் 7 கோல் வாங்கினார்!

1950 ஜனவரியில் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. ஃபுல்ஹம் அணியோடு ஆட்டம். போர்க் காலத்தில் ஜெர்மன் குண்டுகளால் ரொம்பவே பாதிக்கப்பட்ட நகரம் லண்டன். டிராட்மன் மைதானத்துக்குள் வந்ததுமே திட்டுகள் பறந்தன. பத்திரிகைக்காரர்களும் கேமராவோடு காத்திருந்தார்கள். மான்செஸ்டர் சிட்டி அப்போ நன்றாக ஆடாத காலம். ஃபுல்ஹம் கோல் மழை பொழியும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

டிராட்மன் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. வந்த பந்தையெல்லாம் தடுத்தார். இடது பக்கம் பாய்ந்தார், வலது பக்கம் பாய்ந்தார், காலடியில் விழுந்து பிடித்தார். கடைசியில் ஃபுல்ஹம் ஒரே ஒரு கோல் போட்டு வென்றது.

ஆட்டம் முடிந்தது. தோற்ற அணியின் கோல்கீப்பர் களத்தை விட்டு நடந்து வந்தார். அப்போ இரண்டு அணி வீரர்களும் இரண்டு வரிசையாக நின்றார்கள். அவரை நடுவில் நடக்கவிட்டுக் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு திட்டிய கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது.

8. பந்தை எறிவது எப்படி?

அந்தக் காலக் கோல்கீப்பர்கள் பந்தைப் பிடித்ததும் என்ன செய்வார்கள்? ஓங்கி உதைப்பார்கள். பந்து வானத்தில் பறந்து எங்கேயோ போய் விழும். அது யார் கையில், இல்லை இல்லை, யார் காலில் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

டிராட்மன் வேறு மாதிரி யோசித்தார். சின்ன வயதில் ஹேண்ட்பால் ஆடிய கை இல்லையா? பந்தை உதைக்காமல் கையால் எறிந்தார். அது நேராகப் போய்த் தன் அணி வீரரின் காலடியில் விழும். எதிரணி தயார் ஆவதற்குள் அடுத்த தாக்குதல் தொடங்கிவிடும். மான்செஸ்டர் சிட்டி இதை வைத்தே ஒரு புது ஆட்ட முறையை உருவாக்கியது. இன்றைக்கு நீங்க டிவியில் பார்க்கும் கோல்கீப்பர்கள் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். டிராட்மன் அதை 1950களிலேயே செய்தார்.

1955இல் மான்செஸ்டர் சிட்டி எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்த இறுதி ஆட்டத்தில் ஆடிய முதல் ஜெர்மானியர் டிராட்மன்தான். ஆனா நியூகாசில் அணி முதல் நிமிடத்திலேயே கோல் போட்டது. பிறகு மான்செஸ்டர் வீரர் ஒருவர் அடிபட்டு வெளியேறினார். மீதி நேரம் 10 பேரோடுதான் ஆடினார்கள். 3க்கு 1 என்று தோற்றார்கள்.

அடுத்த ஆண்டு, 1956இல், இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் டிராட்மனை அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான். அதன் பிறகு சில நாளில், மறுபடியும் வெம்ப்ளி. மறுபடியும் இறுதி ஆட்டம்.

9. எக்ஸ்ரே சொன்ன உண்மை

இந்தப் பாடத்தின் தொடக்கத்தில் பார்த்த ஆட்டம் இதுதான். மான்செஸ்டர் சிட்டி 3க்கு 1 என்று வென்றது. டிராட்மன் கழுத்தைத் தாங்கிக்கொண்டே படி ஏறிப் பதக்கம் வாங்கப் போனார். அவருடைய கழுத்து கோணலாக இருப்பதை இளவரசர் ஃபிலிப் கவனித்தாராம்.

அன்றைக்கு இரவு விருந்துக்கும் போனார். வெறும் சுளுக்கு என்று நினைத்தார். ஆனா வலி போகவே இல்லை. நான்கு நாள் கழித்து மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் அதிர்ந்துபோனார். கழுத்தில் 5 எலும்புகள் இடம் மாறியிருந்தன. அதில் இரண்டாவது எலும்பு இரண்டாகவே உடைந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதன் மேல் இறுக்கமாக மாட்டிக்கொண்டதால்தான் அவர் உயிர் பிழைத்தார். தலை முதல் இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டார்கள்.

டிராட்மன் செய்ததை நாம் பாராட்டுகிறோம். ஆனா அது ரொம்ப ஆபத்தானது. விளையாடும்போது கழுத்திலோ தலையிலோ அடிபட்டால் நீங்க தொடர்ந்து ஆடக் கூடாது. உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்க.

அந்த ஆண்டில் அதைவிடப் பெரிய துக்கமும் வந்தது. இறுதி ஆட்டம் முடிந்து சில வாரத்தில் அவருடைய மகன் ஜான் ஒரு கார் விபத்தில் இறந்துபோனான். அவனுக்கு வயது 5தான். கழுத்து வலியை மாவுக்கட்டு சரி செய்தது. இந்த வலிக்கு மருந்து இல்லை.

1956 டிசம்பரில் டிராட்மன் மறுபடியும் களத்துக்கு வந்தார். முதலில் பழையபடி ஆட முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. இன்னும் பல ஆண்டுகள் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடினார். மொத்தம் 545 ஆட்டங்கள்!

அவருக்கு ஒரு ஆசை மட்டும் நிறைவேறவில்லை. அவர் ஜெர்மன் தேசிய அணிக்கு ஒரு முறைகூட ஆடவில்லை. வெளிநாட்டில் ஆடும் வீரர்களை மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் அப்போ சேர்த்துக்கொள்ளவில்லை. 1954இல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது, டிராட்மன் அந்த அணியில் இல்லை.

10. விடை கொடுத்தவர்கள்

1964 ஏப்ரல் 15 அன்று மான்செஸ்டரில் டிராட்மனுக்காக ஒரு பிரிவு ஆட்டம் நடந்தது. மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் எப்போதும் எலியும் பூனையும் மாதிரி. அன்றைக்கு இரண்டு அணி வீரர்களும் ஒரே அணியாக அவரோடு ஆடினார்கள். பாபி சார்ல்டன், டெனிஸ் லா போன்ற பெரிய வீரர்கள் அதில் இருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் 47,000 பேருக்கும் மேல்.

1949இல் இதே நகரத்தில் 20,000 பேர் அவர் வேண்டாம் என்று ஊர்வலம் போனார்கள். 15 ஆண்டு கழித்து அதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு விடை கொடுக்க வந்தார்கள். அன்றைக்கு ஊர்வலம் போனவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலும் இருந்திருப்பாங்களோ?

அதன் பிறகு டிராட்மன் பயிற்சியாளர் ஆனார். ஜெர்மனி அவரைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் இளைஞர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். வேற்று நாட்டு மக்களை எதிரிகளாகப் பார்க்கச் சொல்லி வளர்க்கப்பட்ட பையன், பிறகு நாடு நாடாகப் போய் அவர்களோடு பந்து விளையாடினார்.

2004இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. என்ற விருதைக் கொடுத்தது. இங்கிலாந்தையும் ஜெர்மனியையும் நட்பாக்கியதற்காகக் கிடைத்த விருது அது. போர்க் காலத்தில் ஜெர்மனி கொடுத்த பதக்கமும் அவரிடம் இருந்தது. சண்டை போட்டதற்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று.

2013ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, ஸ்பெயின் நாட்டில் தன் வீட்டில், 89 வயதில் பெர்ட் டிராட்மன் இறந்தார். அப்போ உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீங்க. ஆனா இன்றைக்கும் மான்செஸ்டரில் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்க. வயதான தாத்தா பாட்டிகள் தங்கள் கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாங்க.

சொல்லும் பொருளும்

துறைமுகம் – கப்பல்கள் வந்து நிற்கும் இடம்
இடிபாடு – இடிந்து விழுந்த கட்டடத்தின் பகுதிகள்
கைதி – பிடித்து அடைத்து வைக்கப்பட்டவர்
முகாம் – பலர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் இடம்
ஊர்வலம் – பலர் கூட்டமாகத் தெருவில் நடந்து போவது
மதகுரு – ஒரு மதத்தின் மக்களை வழிநடத்துபவர்
சுளுக்கு – தசை பிசகுவதால் வரும் வலி
மாவுக்கட்டு – எலும்பு உடைந்தால் போடும் கட்டு
எலியும் பூனையும் மாதிரி – எப்போதும் சண்டை போடுகிறவர்கள்

பயிற்சி 1: சரியா, தவறா?

அ. டிராட்மன் முதலிலிருந்தே கோல்கீப்பராக ஆடினார்.
ஆ. எரிக் வெஸ்ட்வுட் போரில் சண்டை போட்டவர்.
இ. ஃபுல்ஹம் அணியோடு லண்டனில் நடந்த ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி வென்றது.
ஈ. டிராட்மன் ஜெர்மன் தேசிய அணிக்கு ஆடவில்லை.

பயிற்சி 2: ஓரிரு வரியில் விடை எழுதுங்க

அ. பெர்ன்ட் என்ற பெயர் ஏன் பெர்ட் ஆனது?
ஆ. பந்தை உதைப்பதற்கும் எறிவதற்கும் என்ன வித்தியாசம்?
இ. மான்செஸ்டர் மக்கள் முதலில் ஏன் கோபப்பட்டார்கள்?

பயிற்சி 3: பேசுவோம்

டிராட்மனுக்கு உதவியவர்களில் யாருக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்? ஏன்? வீட்டில் அப்பா அம்மாவிடம் இந்தக் கதையைத் தமிழில் சொல்லுங்க. அவங்க என்ன நினைக்கிறாங்க என்று கேட்டு, அடுத்த வகுப்பில் ஐந்து வரியில் சொல்லுங்க.